காகத்துக்கு வைக்காத ஈரல்

மார்கழி, புதன்

மழை விட்டுவிட்டுத் தூறல். அக்கா, இவ்வளவு நேரஞ்செல்ல எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். பிள்ளை உறங்கினால்தான் எனக்குக் கை கிடைக்கிறது. கல்லடியில் உங்கள் வீட்டுக்கு வந்ததும், நான் எழுதும் இந்தக் கொப்பியை உங்களிடமே தருவேன்.

ஷெல்லடியால் றோட்டு மூடி. கடற்கரை மணலால் நடக்கிறோம். நான், ஐந்து மாதப் பிள்ளை, மாமி, வழிகாட்ட மீன்பிடிகாரர் சீனித்தம்பி அண்ணன், அவருடைய நாய். என் வீட்டுக்காரர் கட்டாரில் வேலை. அவருக்கு எதுவும் தெரியாது.

கொண்டுவந்தவை: கூடாரம் கட்டத் தறப்பாள், ஒரு சட்டி, அரிசி இரண்டு கொத்து, தீப்பெட்டி, பிள்ளையின் துணி ஆறு, என் பட்டச் சான்றிதழ்.

மாமி சிரித்தார். "அதக் காட்டினா ஆனை வழி விடுமா கா?"

பொழுதுபட யானை வந்தேவிட்டது. பனைகளுக்குள் மூன்று. காற்று அவற்றிடமிருந்து எங்கள் பக்கம் வீசியதால் தப்பினோம். நல்லவேளை, பிள்ளையின் வாயில் பால்.

வியாழன்

முகத்துவாரத்தைக் கடந்தோம். இடுப்பளவு தண்ணீர்.

"காலத் தூக்காதங்க புள்ள, இழுத்து இழுத்து வையுங்க. திருக்கை கெடக்கும்" என்றார் அண்ணன். காலடியில் ஏதோ வழுக்கிப் போனது. அக்கரையில் கட்டை என்று நினைத்தது முதலை. பயத்தில் மாமி அரிசிப் பையைத் தண்ணீரில் விட்டுவிட்டார்.

பால் குறைகிறது. பிள்ளை இழுத்துப் பார்த்துவிட்டு அழுகிறாள்.

வெள்ளி

பகல் முழுக்க வெறுந் தண்ணீர். மாலையில் ஒரு கடலாமை முட்டையிட ஏறியது. கிளிமூக்கு ஆமை. அண்ணன் கவிழ்த்துப் போட்டார். அறுத்ததும் ஈரலைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"காகத்துக்குப் போட்டுப் பாக்கணும். காகம் தின்னாட்டி நஞ்சு. காகமெல்லாம் கூட்டில அடைஞ்சிட்டு. விடியட்டும்."

நான்தான் சொன்னேன்: "காகம் என்ன, ஆய்வுகூடமா அண்ணன்? நான் விலங்கியல் படிச்சவள். நல்லா அவிச்சாச் சரி."

"படிச்ச புள்ள சொல்லுது. நாய்க்குப் போட்டுப் பாருங்களன்" என்றார் மாமி.

நாய் ஒரே வாயில் விழுங்கியது. பசித்த நாய் எதை விடும்?

அவித்ததில் அண்ணன் கொஞ்சமாகத் தின்றார், மாமி வயிறாரத் தின்றார். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். பால் ஊறிவிட்டது. பிள்ளை வயிறு நிறையக் குடித்தாள். எவ்வளவு சந்தோஷம்.

சனி

விடிய நாய் செத்துக் கிடந்தது. காகங்கள் வந்து மிச்ச இறைச்சியைச் சுற்றி நின்றன. ஒன்றும் கொத்தவில்லை. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமிக்கு வாயெல்லாம் கொப்புளம், ஓயாமல் சத்தியெடுக்கிறார், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. எனக்கு நாக்கு எரிகிறது, எச்சில் விழுங்கவும் நோகிறது. ஊர்ந்து ஊர்ந்து வாவிக்கரை வந்து தறப்பாள் கட்டியாயிற்று. இனி மாமியால் நடக்க ஏலாது.

நேற்று இரவு மூன்று தரம் பால் கொடுத்திருக்கிறேன். பிள்ளை இன்று பகலெல்லாம் உறக்கம். தட்டினால் கண்ணைத் திறந்து மூடுகிறாள். இப்போது எழும்பி மார்பைத் தேடுகிறாள். கொடுக்கவில்லை. சட்டை நனைகிறது. பால்மா இல்லை, சீனி இல்லை, வாவித் தண்ணீர் உப்பு.

மாமி: "குடு கா. பசியில போயிரும்."

அண்ணன்: "குடுக்காத புள்ள."

இருவரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். நான் என்னத்தைப் படித்தேன்?

நாளை விடிய ஒரு மீன் தோணி அக்கரை, கல்லடிக்குப் போகிறது. சோதனைச் சாவடியில் மீனை மட்டும் விடுகிறார்களாம், ஆட்களை ஏற்ற முடியாதாம். இந்தத் தாள்களைக் கிழித்து அதில் அனுப்புகிறேன். அக்கா, நீங்கள் ஆஸ்பத்திரித் தாதி, உங்களுக்குத் தெரியும். பால் கொடுக்கலாமா, கூடாதா? தோணிக்காரர் உங்கள் வாசலில் நிற்பார். கெதியாகப் பதில் எழுதிக் கொடுங்கள்.