நிரையும் நிரலும் மாறிய லோடு

நேற்று போத்தனூர் ஸ்டேஷன் பக்கம் போண்டா வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாள் ஏதோ கணக்குப் புத்தகத்தின் பக்கம். எண்ணெய் ஊறிய இடத்தில் பெரிய அடைப்புக்குறி, அதற்குள் வரிசையாக எண்கள். போண்டா ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இறந்த செய்தி வந்த அன்றுகூட உன்னை இவ்வளவு நேரம் நினைக்கவில்லை. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாம் சேர்ந்து பம்புசெட் வியாபாரம் ஆரம்பித்தோம். நான் பத்தாவதோடு நின்றவன். நீ கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்து வேலை கிடைக்காமல் இருந்தவன். ஆர்டர் பிடிப்பது என் பாடு, சரக்கைப் பிரித்து அனுப்புவது உன் பாடு. ஊர்வாரி ஆர்டரை அடைப்புக்குறிக்குள் எண்களாக அடுக்கி ஓர் அணியாகவும், விலையை மேலிருந்து கீழாக ஒற்றை நிரலாகவும் எழுதிப் பெருக்குவாய். எந்த ஊருக்கு எவ்வளவு பில் என்று ஒரே மூச்சில் வந்துவிடும். அது எனக்கு உதவியது. மற்றதெல்லாம் வேடிக்கை. "அந்த புரோக்கர் அலகு அணிடா. எதைக் குடுத்தாலும் அதையே திருப்பிக் குடுப்பான்" என்பாய். எதைக் கேட்டாலும் வாய் திறக்காத நம் கடைக் கட்டடச் சொந்தக்காரர் உனக்குப் பூச்சிய அணி.

அந்தக் கோடையில் தாராபுரம், பல்லடம், போத்தனூர் மூன்றுக்கும் ஒரே நாளில் லோடு. மோனோபிளாக், போர்க் கிணற்றுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள், ஜெட் என்று மூன்று வகை. ஊர் பெயரோ பம்பின் பெயரோ இல்லாமல் வெறும் எண்களை எழுதி குடோன் பழனியிடம் கொடுத்தாய். "நிரை ஊரு, நிரல் பம்பு" என்று வாயால் சொன்னாய். நிரை படுக்கை வரிசை, நிரல் நிற்கும் வரிசை என்பது உனக்குத் தெரியும். பழனி காதுக்கு இரண்டும் ஒன்றுதான். நிற்கும் வரிசையை ஊராகத் திருப்பிப் படித்து ஏற்றிவிட்டான். மூன்று ஊர், நான்கு வகை என்றிருந்தால் இடித்திருக்கும். சதுரமாக இருந்ததால் எப்படிப் படித்தாலும் பொருந்தியது.

தாராபுரத்து டீலர்தான் நமக்குப் பெரியவர். அவர் வேறு கம்பெனிக்குப் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். லோடு தப்பென்று அவரிடமிருந்து போன் வந்ததும் இருவரும் ஓடினோம். வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, தோட்டத்துக்கு சப்மெர்சிபிள் கேட்டா, ஊட்டு டேங்குக்குத் தண்ணி ஏத்துற ஜெட் பம்ப அனுப்பிப்போட்டீங்க. தென்னை மரத்து உச்சியில டேங்க் கட்டோணுமாக்கும்?"

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் நீ குறுக்கே புகுந்தாய். "மோனோபிளாக் மட்டும் கேட்டபடி வந்திருக்குமே, எண்ணிப் பாருங்க. அது சரியா இருந்தா, நிரை நிரல் மாறிப்போச்சுன்னு அர்த்தமுங்க. நீங்க ஜெட்டே கேக்கல, அந்த பூச்சியம் அங்க போயிருக்கும்; போத்தனூருக்கு மோனோபிளாக் ஒண்ணுகூடப் போயிருக்காது." அவர் எண்ணினார், சரி. நான் போத்தனூருக்கு போன் போட்டேன், அதுவும் சரி. உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

டீலர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் இருக்குது கண்ணு. என்ற ஆளுக போர் போட்டுப்போட்டுக் காத்துக் கெடக்கறாங்க. அவிகளுக்குத் தண்ணி வருமா?"

அங்கிருந்தே பேசி, நம்மோடு போட்டி போடும் கடையிலிருந்து நஷ்டத்துக்கு சப்மெர்சிபிள் வாங்கி அன்று மாலையே இறக்கினேன். டீலர் வேறு கம்பெனிக்குப் போகவில்லை. திரும்பும் பஸ்ஸில் நீ கேட்டது இது: "மூலைவிட்டம் மட்டும் மாறாம அப்படியே இருந்துச்சு பாத்தியாடா?"

"நீ வாத்தியாராப் போயிருடா" என்றேன்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் அது சரியான வார்த்தை என்றே இன்றும் நினைக்கிறேன். நீ முறைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "போலாம்" என்றாய். சில மாதத்தில் சரவணம்பட்டிக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாய். உன் உடலை எடுத்த அன்று உன்னிடம் படித்தவர்கள் தெருவை அடைத்து நின்றார்கள். கடையிலேயே இருந்திருந்தால் நாலு டீலர் வந்திருப்பார்கள்.

இப்போதெல்லாம் லோடு தப்பாகப் போனால் ஆளைத் திட்டுவதற்கு முன், எது சரியாகப் போயிருக்கிறது என்று கேட்கிறேன். தப்பு நடந்த விதம் அதிலேயே தெரிந்துவிடுகிறது. உனக்குப் பிறகு கூட்டு என்று கேட்டு நல்ல ஆட்கள் சிலர் வந்தார்கள். தனியாகச் சமாளித்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். சமாளிக்கத்தான் செய்கிறேன்.