ரெட்டிபாளையத்து அண்ணன்

செப். 2, செவ்வாய்
பெரம்பலூரில் காலையிலேயே வெயில். பட்டறையில் இரண்டு பைக். ஒன்றுக்கு கிளட்ச் கேபிள்.

மலருக்கு வலிப்புக்காகத் தலையில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். அதன்பின் வலிப்பு ஒன்றுகூட வரவில்லை. ஆனால் கண்ணுக்குப் போகும் நரம்பு ஒன்று அடிபட்டு, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக, இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அரிசி களைகிறாள்.

சாயங்காலம் அரை மணி நேரம் அவளுக்குப் போன். ரெட்டிபாளையம் முருகேசன். சிமெண்ட் ஆலை வேலை. அவருக்கும் போன வருஷம் இதே ஆபரேஷன், இதே கண் கோளாறு. செக்கப்புக்குப் போன இடத்தில் பழக்கம். அவரிடம் சிரிக்கிறாள். "எங்க வூட்டுக்காரருக்குச் சொன்னா புரியாதுண்ணே. உங்களுக்குத்தான் தெரியும்."

பதினோரு வருஷம் அவள் வலிப்போடு வாழ்ந்தோம். வலிப்புக்கு முன்னால் அவள் வாய் சும்மா மெல்லும். அவளுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். ஓடிப்போய்ப் பிடிப்பேன். இப்போது பிடிக்க ஒன்றுமில்லை.

செப். 3, புதன்
அவள் குளிக்கும்போது போன். நான் எடுத்தேன். முருகேசன்.

"மாப்ள, அரியலூருக்கு கண்ணு டாக்டர் வந்துருக்காரு. வாராவாரம் புதங்கிழமை மட்டுந்தான் வருவாரு. கண்ணாடியில ஒரு பட்டை ஒட்டித் தராரு, ஒண்ணாத் தெரியும். தங்கச்சிய கூட்டிட்டு வாங்க."

மாப்ளயாம். "சரிங்க" என்று வைத்துவிட்டேன்.

"யாருங்க?"

"ராங் நம்பர்."

செப். 5, வெள்ளி
மலர் படியில் விழுந்துவிட்டாள். இல்லாத படியில் காலை வைத்திருக்கிறாள். முழங்கையில் சிராய்ப்பு. பக்கத்து வீட்டம்மா தூக்கிவிட்டார். மருந்து போடும்போது என்னால் மறைக்க முடியவில்லை. புதன்கிழமை போனைப் பற்றி முழுக்கச் சொன்னேன்.

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். "எதுக்குங்க அப்படிச் செஞ்சீங்க?"

"எல்லாத்தையும் அவருகிட்டதான சொல்ற."

"உங்ககிட்ட சொன்னா நீங்க அழுவுறீங்க."

உண்மைதான்.

செப். 8, திங்கள்
சாப்பாடு உண்டு. பேச்சு இல்லை. மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

செப். 10, புதன்
பட்டறைக்கு லீவு. பைக்கில் அரியலூர். வழியெல்லாம் என் தோளைப் பிடித்திருந்தாள்.

முருகேசன் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார். சட்டையெல்லாம் தூசி. என்னைவிடக் குட்டை. அதில் ஓர் அற்பத் திருப்தி. "வாங்க மாப்ள" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் செய்ததை மலர் சொல்லவில்லை போல.

டாக்டர் கண்ணாடியை மாட்டிவிட்டார். "வாசப்பக்கம் பாரும்மா. என்ன தெரியுது?"

வாசலில் நானும் முருகேசனும்.

"ரெண்டு பேரு சார். நாலு இல்ல, ரெண்டே பேரு." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

யாரை முதலில் பார்த்தாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.