கயிறு நீளத்துக்கு ஒரு கீரி

மாசி 3, செவ்வாய்

மலை சரிந்திறங்கிப் பாதையை மூடிய கார்த்திகைக்கு அடுத்த மாசி. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருஷம் போய் இது நாலாவது. காலையில் பனி. தெல்தோட்டை பஸ் தெரியவில்லை, சத்தம் மட்டும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்த போன் எழுதிக்கொள்கிறது. எழுதியதை என்னாலும் வாசிக்க முடியாது. நல்லதுதான்.

வேலை: கோழிக்கூட்டுக்குத் தகரம். முழங்காலுக்கு எண்ணெய். அந்தோணியைப் பார்க்க வேண்டும்.

அந்தோணி இதே தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயம், வரிசை வீடு. சிலம்பத்தில் என் ஜோடி. கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அர்த்தம். போனேன். கை மட்டும் பெரிதாக இருந்தது, மற்றதெல்லாம் சுருங்கிவிட்டது.

"டேய் முத்து, என்னையத் தூக்குறதுக்கு முன்னாடி கம்பு மாத்தணும். சும்மா தூக்கிட்டுப் போயிராதீங்க."

"யாரோட மாத்துறது? நீதானே ஜோடி."

"அத நீ பாத்துக்க. நான் செத்தவன்."

அவன் சிரித்தான். அவன் மகள் மேரி சிரிக்கவில்லை. நான் பால் போடாத பிளேன்டீ குடித்தேன்.

மாசி 4, புதன்

வெயில். பெப்ரவரி நாலு, இலங்கையின் சுதந்திர தினம், கடையில் கொடி. தகரம் வாங்கவில்லை, கடைக்காரர் இல்லை.

கம்பு மாற்றுவது எங்கள் வாத்தியார் வைத்த வழக்கம். பெட்டி வாசலில் இருக்கும்போது, செத்தவன் கம்பை எடுத்து அவன் இடத்தில் ஒருவன் நிற்க வேண்டும். எதிரில் ஜோடி. மூன்று சுற்று. நிற்கிறவன் செத்தவனோடு கூடப் பழகியவனாக இருக்க வேண்டும், செத்தவனின் மிருகத்தைத்தான் ஆட வேண்டும். வெளியாள் கூடாது. ஆள் இல்லையென்றால் சுற்று இல்லை.

மிருகம் என்பது வாத்தியார் கொடுப்பது. கம்பைத் தொடும் முன் ஒரு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் நாலு பேர். பெருமாளுக்குக் காட்டுப்பன்றி. கடைக்கார வீட்டு ஹனிபாவுக்குப் பூனை. எனக்குக் கொக்கு. அந்தோணிக்குக் கீரி.

"பல்லையும் நகத்தையும் பாக்காதீங்கடா. காலைப் பாருங்க. எந்நேரம் அடிக்காம இருக்குதுன்னு பாருங்க," என்பார்.

பார்த்தோம். கொக்கு கழுத்தை மட்டும் நீட்டும், கால் அசையாது, தண்ணீர் கலங்காது. என் அடி வைப்பு அதுதான், சத்தமில்லாதது. பூனைக்குப் பாய்வதற்கு முன்னால் காதுதான் திரும்பும். ஹனிபா கண்ணை நம்பாமல் காதால் ஆடுவது அதனால். பன்றி திரும்பாது. பெருமாளும் திரும்பமாட்டான், நிறைய அடி வாங்கினான்.

அந்தோணிக்குத்தான் கோளாறு. தோட்டத்தில் கீரி கண்ணில் படவில்லை என்று ஞாயிறுதோறும் கண்டி வாவிக்கரைக்குப் போய்ப் பாம்பாட்டியின் கீரியைப் பார்த்தான். கயிற்றில் கட்டிய கீரி. பாயும், கயிறு இழுக்கும், பின்னால் வரும். அந்தப் பின்னால் வருவதையும் சேர்த்துப் பழகிவிட்டான்.

வாத்தியார் முதல் நாளே கேட்டார்: "எந்த ஊருக் கீரிடா திரும்பித் திரும்பி வருது?"

பிறகு பாலத்தடிக்குக் கூட்டிப்போய் அவிழ்ந்த கீரியைக் காட்டினார். அது பாம்பைச் சுற்றிச் சுற்றி நடந்தது. பாம்பு கொத்தட்டும் என்று விட்டது. பாம்பு தலை தூக்க ஒரு தடவை சுணங்கியது. கீரி உள்ளே போய்விட்டது. திரும்பவில்லை. அந்தோணிக்கு விளங்கியது. காலுக்கு விளங்கவில்லை. உடம்பு முதலில் பார்த்ததை விடாது.

சாகும்வரை பாய்ந்தான், ஒரு முழம் மிச்சம் வைத்துத் திரும்பினான். ஹனிபா கேலி பண்ணுவான்: "அந்தோணிட இடுப்பில கயிறு ஈக்குது, பாருங்க."

சாகும்வரை என்று சொல்லிவிட்டேன். இன்னும் சாகவில்லை.

அதே நாள், இரவு

ஏழு மணிக்கு முடிந்தது. போய் நின்றேன். மேரி அழுதாள். ஒருத்தி சொன்னாள்: "பாரு, கொக்காட்டம் நிக்கிறாரு." அழுகை வரவில்லை. முழங்கால் வலி.

மாசி 5, வியாழன்

மேகம். தகரம் வாங்கினேன்.

அந்தோணி இடத்தில் நிற்க ஹனிபாவைத்தான் கேட்க வேண்டும். அவன் இப்போது கண்டிக்கு அந்தப் பக்கம் தெல்தெனியவில் மகள் வீட்டில். மகள்தான் போனை எடுத்தாள்.

"வாப்பாக்கு ஏலாது மாமா. ரெண்டு கண்ணும் மங்கல். ஒப்பரேசனுக்குத் திகதி குடுத்திருக்கி."

பின்னால் அவன் சத்தம்: "தாங்கோ இங்க." வாங்கிக்கொண்டான். "எப்ப தூக்குற?"

"நாளைக்கு மூணு மணி. ஃபாதர் வந்துருவாரு."

"வெள்ளிக்கெழம. ஜும்மா."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவன் வாய்க்குள் நேரத்தை எண்ணினான்.

"காலைல பஸ் ஏறினா ஜும்மாவ தெல்தோட்டையிலயே தொழலாம். ஆனா மச்சான், கீரிய நான் எங்க கண்ட? அந்தோணியத்தான் கண்ட."

"அது போதும்."

அவன் வராவிட்டால் அந்தோணி சும்மா போவான். மேரியிடம் வருவான் என்றும் சொல்லவில்லை, வரமாட்டான் என்றும் சொல்லவில்லை. சோறு இறங்கியது, ருசி தெரியவில்லை.

மாசி 6, வெள்ளி

காற்று. மழை இல்லை.

இரண்டே முக்கால். ஃபாதர் வந்துவிட்டார், ஹனிபா இல்லை. "சித்தப்பா, காத்திருக்கவா?" என்றாள் மேரி. ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்புறம் த்ரீவீல் வந்து நின்றது. மகள் ஹனிபாவைக் கையைப் பிடித்து இறக்கினாள். தொப்பி, சாரம், கறுப்புக் கண்ணாடி. பெட்டி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினான், கொஞ்சம் தள்ளித் திருப்பினான். அந்தோணியின் கம்பைக் கையில் வைத்தேன். தடவிப் பார்த்தான்.

"எங்க நிக்கிற?"

"முன்னால."

"சத்தமே இல்லையே. ஒன்ட கொக்கக் கொஞ்சம் வெச்சிட்டு வா மச்சான். கால இழுத்து வை. எனக்குக் கேக்கணும்."

நான் காலை இழுத்து வைத்ததே இல்லை. இழுத்தேன். செருப்பில்லாத கால், சரளை மண், பெரிய சத்தம். முழங்கால் ஏறி இடுப்பு வரை வலித்தது.

முதல் சுற்றில் கம்பும் கம்பும் தொட்டன. இரண்டாவதும் அப்படி. மூன்றாவதில் ஹனிபா பாய்ந்தான். அந்த வயதில் அது பாய்ச்சல் இல்லை, இரண்டு எட்டு. ஒரு முழம் மிச்சம் இருக்கும்போது இடுப்பு வெட்டி இழுத்தது, பின்னால் போனான். அச்சு அசல். மேரி "அப்பா" என்றாள்.

என் கம்பு தலைக்கு மேலே நின்றுவிட்டது. இறக்கத் தெரியவில்லை. யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

தூக்கினார்கள்.

பிறகு வாசலில் கதிரை போட்டு இரண்டு பேரும் இருந்தோம். ஹனிபா கேட்டான்: "அடுத்தது ஒனக்கோ எனக்கோ. நிக்கிறதுக்கு ஆள் யாரு?"

கணக்குப் பார்த்தேன். வாத்தியார் போய் எத்தனையோ காலம். பெருமாள் கப்பலேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போய், அங்கேயே முடிந்தான். அந்தோணி இப்போது மண்ணுக்குள். யார் முந்தினாலும் சுற்றுக்கு இரண்டு பேர் வேண்டும். என்னை நான் சேர்க்கவில்லை, என் சுற்றில் நானே நிற்க முடியாது. மிச்சம் ஹனிபா.