பாதியில் அணைத்த ரேடியோ

2 டிசம்பர் 1996, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். மலைக்கோயில் தெரியவில்லை. துணி காயவில்லை.
பெரியவன் ரேடியோ வாங்கித் தந்து வரும் பொங்கலோடு ஒரு வருஷம். நானாகக் கண்டுபிடித்த நிகழ்ச்சிகள், மறக்காமல் இருக்க:
புதன் மத்தியானம், மகளிர் நேரம். சமையல், கைவைத்தியம். முதல் இடம் இதற்குத்தான்.
சனி சாயங்காலம், நேயர் கடிதம். பேர், தெரு, ஊர் சொல்லிப் படிக்கிறார்கள். யார் யாரைத் திட்டியிருக்கிறார்கள் என்று கேட்க ருசி.
ஞாயிறு, தெலுங்கு நாடகம்.
விவசாயம். ஒரு காணி நிலமில்லை. நெல்லுக்கு வரும் நோய் அத்தனையும் தெரியும்.

4, புதன்
மகளிர் நேரத்தில் என் ஓரகத்தி வனஜா. ரேடியோக்காரர்கள் ஆர்.கே.பேட்டை மாதர் சங்கத்துக்கு வந்து பேச்சைப் பதிந்துகொண்டு போனார்களாம். புளிச்சகீரைத் தொக்கு செய்முறை சொல்கிறாள். என் மாமியார் எனக்குச் சொன்னது, நான் இவளுக்குச் சொன்னது. பாகம் பிரித்த அன்று மாமியாரின் கல்சட்டியை முந்தானையில் மறைத்து எடுத்துப் போனவள். இருபத்திரண்டு வருஷம். அன்று கட்டியிருந்த பச்சைச் சேலைகூட நினைவிருக்கிறது.
பாதியிலேயே அணைத்துவிட்டேன். உடனே ரேடியோ ஸ்டேஷனுக்குக் கார்டு. 'வனஜா சொன்னது அவள் சமையல் இல்லை. திருடிச் சொல்கிறாள். இப்படிப்பட்டவளைப் பேச விடாதீர்கள்.' நானே எழுதி நானே போய்ப் பெட்டியில் போட்டேன்.

6, வெள்ளி
பக்கத்து வீட்டு சரோஜா பூ கட்டிக்கொண்டே கேட்டாள்.
"இன்னா பெரிம்மா, ரேடியோல உன் பேரு வந்துச்சே, ஒண்ணுமே சொல்லல?"
"என் பேரா?"
"ஆங். கடைசில அந்தம்மா சொல்லிச்சே. திருத்தணில எங்க அக்கா கீறாங்க, ராஜம்மா, அவங்கதான் பக்கத்துல உக்கார வச்சு கத்துக்குடுத்தாங்கன்னு. நீ கேக்கலியா?"
கேட்டேன் என்று சொல்லிவிட்டேன்.
தபாலாபீஸ் ஓடிப் போஸ்ட்மாஸ்டரிடம் கார்டைத் திருப்பிக் கேட்டேன். "போட்டு ரெண்டு நாளாச்சும்மா, அது மெட்ராஸ் போய்க்கினு இருக்கும்" என்றார். இன்னொரு கார்டு. 'முதல் கடிதத்தைப் படிக்க வேண்டாம்.' அங்கேயே பெட்டியில் போட்டேன்.

7, சனி
படிக்கவில்லை. முருகா.

11, புதன்
மகளிர் நேரம் வைக்கவில்லை.

14, சனி
படித்துவிட்டார்கள். முதல் கார்டை. என் பேர், தெரு, திருத்தணி, அவள் பேர், 'திருடி' என்கிற வார்த்தை, ஒன்றும் விடாமல். அதை வாசித்த பெண் லேசாகச் சிரித்தாள். எத்தனை சனிக்கிழமை நானும் இப்படித்தான் சிரித்திருக்கிறேன். இரண்டாவது கார்டு என்ன ஆனதோ.
சரோஜா வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

15, ஞாயிறு
முதல் பஸ். பேட்டை வரைக்கும் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். இருபத்திரண்டு வருஷமாக மிதிக்காத வாசல்.
வனஜா கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது.
"வாக்கா. மழையில ஏன் வந்த, உக்காரு."
"நேத்து ரேடியோ கேட்டியா?"
"எங்கக்கா. அது ரிப்பேராயி பத்து நாளாவுது."
சமையல்கட்டில் ரேடியோ மழைச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.
"சீக்கிரம் சரி பண்ணிக்கோ" என்றேன்.
"ஆங். பண்ணணும்கா" என்றாள்.