கீழுதட்டில் இரண்டு பள்ளம்

ஜூன் 3, திங்கள்

புதிய வகுப்பு. பதினொரு பேர். அடுத்த மாதம் முதல் வாடிக்கையாளர்களிடம் ஃபோனில் ஆங்கிலம் பேசப்போகிறவர்கள். ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுத்து, மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்துக் காற்றை விடச் சொன்னேன். ஆங்கிலத்தின் 'வி' அப்படித்தான் பிறக்கிறது. நம் 'வ'வுக்குப் பல் இவ்வளவு வேலை செய்வதில்லை.

கண்ணாடி பன்னிரண்டு இருக்க வேண்டும். ஒன்று குறைகிறது.

ஜூன் 5

என் கணவன் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுகிறவன். கொஞ்ச நாளாக வாயே திறப்பதில்லை. சாப்பிட்டதும் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். டூல்ஸ் அடுக்குகிறானாம். அரை மணி நேரமா?

ஜூன் 6

அவன் கீழுதட்டில் இரண்டு சின்னப் பள்ளம். பல் பட்ட தடம்.

யார் பல்?

ஜூன் 7

கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான். நானும் நம்பிவிடுவேன். இரண்டும் வேண்டாம்.

ஆபீஸில் 'வானொலி'யிடம் மட்டும் சொன்னேன். அவளிடம் சொன்னால் மூன்று மாடிக்கும் சொன்ன மாதிரி. தெரிந்தே சொன்னேன் — ஏன்?

"போன மாசம் விருந்துல பாத்தேனே. இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்தார்டி. குடிக்கும்."

அந்த விருந்து. என் மேலாளரிடம் இவன் 'வெரி நைஸ்' என்றான். நான் விளையாட்டாகப் பல்லை உதட்டில் வைத்துக் காட்டி, இப்படிச் சொல்லணும் என்றேன். மேசையே சிரித்தது. அவனும்தான் சிரித்தான். அதற்குப் பிறகு அங்கே அவன் பேசியதாக நினைவில்லை. யாரைப் பார்த்துக்கொண்டிருந்தான்?

ஜூன் 10

கதவுக்கு அந்தப் பக்கம் பெண் குரல். ஃபோனில்தான். ஆங்கிலம். சொற்கள் பிடிபடவில்லை, தொனி பிடிபட்டது. அவசரமே இல்லாத குரல். அவள் ஏதோ சொல்லி நிறுத்துகிறாள், அவன் முணுமுணுக்கிறான், மறுபடி அவள். கொஞ்சுகிறாள்.

இவனுக்கு எங்கே கிடைத்தாள்? லிஃப்டில் மாட்டிக்கொண்டவளா? தூ, என் புத்தி.

நாளெல்லாம் ஊரார் வாயைப் பார்க்கிறவள் நான். கட்டியவன் வாயைப் பார்க்கத் தெரியவில்லை.

ஜூன் 12

அவன் டூல்ஸ் பையில், ஸ்பானருக்கு அடியில் துணியில் சுற்றி, காணாமல்போன என் கண்ணாடி. அவளைப் பார்க்கப் போகுமுன் முகம் பார்க்கவா? அதற்கு என் கண்ணாடிதான் கிடைத்ததா?

இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நாளைக்குக் கேட்டுடணும்.

ஜூன் 13

தட்டாமல் கதவைத் தள்ளினேன்.

பெயின்ட் டப்பாவில் ஃபோன் சாய்ந்திருக்கிறது. கையில் கண்ணாடி. முயல் மாதிரி மேல்பல் கீழுதட்டின் மேல். ஃபோனில் அவள் ஆங்கிலத்தில் சொல்கிறாள்: கடிக்க வேண்டாம், தொட்டால் போதும். நல்லது. இன்னொரு முறை.

என் குரல். போன வருடம் வகுப்புக்காக நானே பேசிப் பதிவு செய்தது. வெளியே நின்று கேட்டால் நான் இப்படியா? இத்தனை பொறுமையாகவா?

அடுத்த மாதம் மறுபடி விருந்து இருக்கிறதே என்றான். குற்றவாளி மாதிரி.

"எங்கிட்டயே கேட்டிருக்கலாமேடா."

கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான். "இவ சிரிக்க மாட்டா."

ஜூன் 17

'வானொலி' விடவில்லை. "யாருடி அவ, கண்டுபுடிச்சியா?"

தெரிந்தவள்தான் என்றேன். அடிப்பாவி என்று வாயில் கை வைத்தாள்.

ஜூன் 21

இன்று செருப்போடு நின்றபடியே ஆரம்பித்துவிட்டான். ஆறாவது மாடியில் ஒரு பெரியவர் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டாராம். வெளியே வந்ததும் கை கொடுத்தாராம். "வெரி குட்னு சொன்னார்."

அதே பழைய 'வெ'. என் பல் தானாகக் கீழுதட்டுக்குப் போய்விட்டது. தண்ணீர் குடித்தேன். அப்புறம், ஆறாவது மாடியில் என்னதான் கோளாறு என்று கேட்டேன்.

சாப்பிட்ட பிறகு சாமான் அறையிலிருந்து அவள் குரல். கதவைச் சாத்தவில்லை.