சாம்பல் குழிக்காக அறுத்த மேசை

நானுஓயா
18.11.1979

அன்பு மகன் சிறிலுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் சளியைத் தவிர வேறு குறையில்லை, நீயும் குவைத்தில் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்க மாதாவை வேண்டுகிறோம். ஜோசப்பினைப் பெண் கேட்கச் சொல்லி நீ எழுதி மூன்று மாதமாகிறது. தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிளாக்கர் என்று எனக்குப் பெயர்தான், அவள் அப்பா மத்தியாஸைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. முப்பது வருடம் ரயில்வேயில் எஞ்சின் பழுது பார்த்த மனுஷன், ஆளையும் எங்கே ஒழுகுகிறது என்றுதான் பார்க்கிறார். இரண்டு தடவை போய் உருளைக்கிழங்கு நோயைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். அம்மா சிரித்த சிரிப்பு ராகலை வரை கேட்டிருக்கும்.

அப்போதுதான் என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பொம்மை ரயில் கண்ணில் பட்டது. அதற்கு ஒரு எஞ்சின் ஷெட் கட்டினால் மனுஷன் பார்க்க வராமலா போவார் என்று சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன். தேயிலைப் பெட்டிப் பலகையில் ஷெட், பால் டின்னில் தண்ணீர்த் தாங்கி, கரி மேடையில் கரிக்குப் பதில் தேயிலைத் தூள். ஞாயிறு பூசை முடிந்து அவரைக் கூட்டி வந்தேன். குனிந்து பார்த்தார், சாம்பல் குழி எங்கே என்றார். நம் வீட்டு அடுப்புச் சாம்பலைக் கொல்லையில் கொட்டுவது போல ஷெட்டுக்குப் பின்னால் ஒரு டின் மூடி வைத்திருந்தேன், பெருமையாகக் காட்டினேன். உங்க எஞ்சின் எறங்கி நடந்து போயா சாம்பல் கொட்டும் என்று கேட்டார். குழி தண்டவாளத்துக்கு நடுவில் இருக்க வேண்டுமாம், எஞ்சின் அதன் மேல் வந்து நிற்க வேண்டுமாம். தண்ணீர்க் குழாயும் டிரைவர் தலையில் ஊற்றுகிறதாம். பிறகு மேசைப் பலகையில் குழி அறுக்க வாள் கேட்டார். அது அம்மாவின் சீதன மேசை. நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றவளிடம் கெஞ்சினேன், புள்ளைக்காகத்தானே, அறுங்க என்றாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தார். குழி வெட்டினார், குழாயை மாற்றினார், எஞ்சினைத் திருப்ப ஒரு வட்டமும் செய்தார், நான் பெண் பேச்சை எடுக்காமல் ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நேற்று கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “கேக்க நெனச்சதக் கேளுங்க கிளாக்கரய்யா. இனிமே கட்ட மேசையில எடமில்ல.” குசினியில் அம்மா புள்ளைக்காகத்தானே என்று சொன்னது முதல் நாளே அவர் காதில் விழுந்திருக்கிறது. திக்கித் திணறிக் கேட்டேன். “ஜோசப்பின் எப்பவோ சரின்னுட்டா. சீதனமா ஒரு மேச தர்றேன், அத மட்டும் அறுத்துராதீங்க” என்றார்.

லீவை இப்போதே கேட்டு வை. கொழும்பிலிருந்து ரயிலில்தான் வர வேண்டும், ஸ்டேஷனுக்கு அவரே வருகிறாராம், வேனில் வந்து இறங்கிச் சம்பந்தத்தைக் கெடுத்துவிடாதே. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

மேசையில்லாமல் மடியில் வைத்து எழுதும்
உன் அப்பா
றோலண்ட்