கடலூரில் பார்த்த படம்

மார்ச் 9, ஞாயிறு. ஆண்டர்சன்பேட்டை.

மகள் ரேவதி விரும்பும் பையனின் வீட்டைப் பார்க்க நேற்று கடலூர் போனோம். ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கரும்பு. ஆலைக்குப் போகும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தோம்.

உள்ளே நுழைந்ததும் சுவரில் மாலை போட்ட ஒரு படம். என் அண்ணன் சேகர்! எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடிய வருடம் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுப் போனவன். ஒரு கடிதம்கூடப் போடாதவன்.

"எங்க வீட்டுக்காரருங்க. சக்கர ஆலையில வேல பாத்தாரு. போன தையில தவறிட்டாரு. அவருக்குச் சொந்தம்னு யாருமே இல்லீங்க" என்றார் பையனின் அம்மா.

"நான் அவரு தங்கச்சிங்க" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

அந்த அம்மா என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என் முகவாயைத் தொட்டார். பிறகு உடைந்து அழுதார். ரேவதி தன் சொந்த மாமன் மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

இன்று வீடு திரும்பியதும் என் அம்மா ஆவலாய்க் கேட்டாள்: "பையன் எப்டி கீறான்?"

"நம்ம சேகர் மாதிரியே கீறாம்மா."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப முடிச்சிடலாம். ஆனா தாய்மாமன் இல்லாம இன்னா கல்யாணம்? சேகரு வந்துடட்டும்" என்றாள்.

மாலை போட்ட அந்தப் படத்தைப் பற்றி அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.